பக்கவாட்டில் போகாத கட்டைவிரல்

அத்தியாயம் 5

பொதுமக்கள் கவனத்திற்கு. ஆதிமனிதன் முதன்முதலாக ஒரு கல்லை எடுத்து எறிந்து, அது பக்கத்துக் குகைக்காரன் மண்டையில் பட்ட நாளிலிருந்து நாகரிகத்தை வாட்டிவரும் மாபெரும் கேள்வி ஒன்று உண்டு. குறி தவறாதது கையா, கல்லா? அந்தக் கேள்விக்கு இன்று மாலை ஐந்து மணிக்குள் இறுதி விடை கிடைத்துவிடும். விடையைக் கண்டுபிடிக்கும் பொறுப்பை வரலாறு எந்த மனிதரிடம் ஒப்படைத்திருந்ததோ அவர், காலை பதினொரு மணிக்கு, ஒரு கேம் சென்டரின் சோபாவுக்கு அடியில் தலையை நுழைத்துவிட்டு வெளியே எடுக்கமுடியாமல் கிடந்தார்.

“அத்தான், தடயம் கிடைச்சுதா? இல்ல, நீங்களே தடயமாயிட்டீங்களா?” என்றாள் மைத்துனி.

“பேசாம காலைப் பிடிச்சு இழும்மா.”

இழுத்தாள். துப்பறிவாளர் வெளியே வந்தார். கூடவே ஒரு காலி சிப்ஸ் பொட்டலமும், ஜோடியை இழந்த காலுறை ஒன்றும் வந்தன. அவர் முழங்காலைத் தட்டிக்கொண்டு எழுந்து, “மவுஸ் இல்லை” என்று அறிவித்தார். இல்லாத ஒன்றை இல்லை என்று கண்டுபிடிப்பதில் அவருக்குப் பதினாறு வருஷ அனுபவம்.

அவருடைய துப்பறியும் நிலையம் இதுவரை துலக்கிய வழக்குகளில் பெரியது, ஒரு அடுக்குமாடியில் பால் பாக்கெட் திருடியது யார் என்பது. திருடியது பூனை. அதுவும் பூனை மீசையில் பாலோடு தானே நேரில் வந்ததால் துலங்கியது. மைத்துனி அவர் மனைவியின் தங்கை. இருபது வருஷம் தொலைபேசி நிலையத்தின் புகார்ப் பிரிவில் உட்கார்ந்து, “லைன் செத்துப்போச்சு” என்பவன் உண்மையைச் சொல்கிறானா என்பதை அவன் மூச்சு விடுவதிலேயே கண்டுபிடித்தவள். அந்த வேலை போனதும் இவரிடம் உதவியாளராகச் சேர்ந்தாள். “அந்த மனுஷன் வெளிய போனா யாராவது கூடப் போகணும்” என்று அக்காள் சொன்ன ஒரு வாக்கியம்தான் நியமன உத்தரவு.

வழக்கு இதுதான்.

அந்த கேம் சென்டர் ஒரு நீளமான கூடம். இடது சுவரோரம் ஆறு சோபாக்கள்; அங்கே உட்காருபவர்கள் கண்ட்ரோலரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கட்டைவிரல்களால் ஆடுவார்கள். வலது சுவரோரம் எட்டு மேசைகள், அங்கே மவுஸ். எல்லோரும் ஒரே போர்க்களத்தில்தான் ஒருவரையொருவர் சுட்டுக்கொள்ள வேண்டும். ஆனால் கட்டைவிரலால் குறிபார்ப்பது, கதவுக் குமிழைத் திருகிக் கையெழுத்துப் போடுவது மாதிரி. பாவம் என்று, விளையாட்டைச் செய்த புண்ணியவான்கள் கண்ட்ரோலர்காரர்களுக்கு ஒரு சலுகை கொடுத்திருந்தார்கள். திரை நடுவிலுள்ள பிளஸ் குறி எதிரிமேல் பட்டால் போதும். லேசாக ஒட்டிக்கொண்டு, அவன் நகர்ந்தால் கூடவே கொஞ்சம் நகரும். எய்ம் அசிஸ்ட் என்று அதற்குப் பெயர். இந்தக் கூடத்தில் எல்லோரும் அதைக் கைத்தாங்கல் என்றார்கள்.

“சோபாக்காரன் சுடறதில்ல. மெஷின் சுடுது, அவன் சாஞ்சு உக்காந்து வேடிக்கை பாக்குறான்” என்பது மேசைக் கட்சியின் கொள்கை. “மவுஸ்காரன் ஆந்தை மாதிரி கண் சிமிட்டறதுக்குள்ள பின்னாடி திரும்புறான், எங்க கட்டைவிரல் பாதி வழில நிக்குது” என்பது சோபாக் கட்சியின் பதில். இந்தத் தர்க்கத்தில் ஒரு வருஷத்துக்குள் இரண்டு நட்புகளும் ஒரு கல்யாண நிச்சயமும் முறிந்திருந்தன. முதலாளி ஒரு சமரசத்துக்கு வந்தார். சோபாக்காரர்கள் தங்களுக்குள் மோதட்டும். மேசைக்காரர்கள் தங்களுக்குள் மோதட்டும். வருகிற சனிக்கிழமை இரண்டு பக்கத்து வெற்றியாளர்களும் இறுதிப் போட்டியில் சந்திக்கட்டும்.

மேசைப் பக்கம் ஜெயித்தவர் பல் டாக்டர். சோபாப் பக்கம் ஜெயித்தவர் கிரேன்காரம்மா. எதிர்ச்சாரியில் எழும்பிக்கொண்டிருக்கும் பதினெட்டு மாடிக் கட்டடத்தில் டவர் கிரேன் ஓட்டுபவர். ஜெயித்த மறுநாளே பல் டாக்டர் நாலு பக்கப் புகார் கொடுத்தார். கிரேன்காரம்மா கண்ட்ரோலரைக் கையில் வைத்துக்கொண்டு, மெத்தை மறைவில் மவுஸ் வைத்து ஆடுகிறாராம். முதலாளி பயந்துபோய்க் கதவில் ஒரு நோட்டீஸ் ஒட்டினார்: ‘கிரேன்காரம்மா மீது கருவி மோசடி விசாரணை. முடிவு வெள்ளி மாலை 5 மணி. உறுதியானால் வாழ்நாள் தடை.’

அந்த நோட்டீஸை, டீ குடிக்க வந்த கட்டடத்துப் பாதுகாப்பு அதிகாரி படித்துவிட்டார் என்பதில்தான் சனி பிடித்தது. கேம் சென்டரில் கருவி என்றால் கால் கிலோ பிளாஸ்டிக். அவர் அகராதியில் கருவி என்றால் அறுபது மீட்டர் உயர இரும்பு. ஐந்து மணிக்கு மோசடி உறுதியானால் கிரேன் சாவியை வாங்கிவிடுவதாகச் சொல்லிவிட்டார்.

“என் பேர் முக்கியம் இல்ல சார்” என்றார் முதலாளி. “அந்தம்மா வேலை போயிடும். சீக்கிரம் ஏதாவது கண்டுபிடிங்க.”

“ஏதாவது இல்லை, உண்மையைக் கண்டுபிடிப்பேன்” என்றார் துப்பறிவாளர்.

“ரெண்டும் ஒண்ணா வந்தா நல்லது” என்றாள் மைத்துனி.

பல் டாக்டர் சரியாக அப்போது உள்ளே வந்தார். நோயாளியை வாயைத் திறக்கச் சொல்லிவிட்டுப் பேசியே பழகியவர் என்பதால், யாரும் குறுக்கே பேசமுடியாது என்ற நம்பிக்கை அவர் முகத்தில் நிரந்தரமாக இருந்தது.

“மவுஸ் என்பது ஒரு சாதனை சார். மணிக்கட்டு என்பது ஒரு கொடை” என்று ஆரம்பித்தார். “இருபத்திரண்டு வருஷமா ஒரு மில்லிமீட்டர் தவறாம டிரில் பிடிச்ச கை இது. எங்க பக்கம் யாருக்கும் ஊன்றுகோல் கிடையாது. இப்ப ரெண்டே ரெண்டு தடயம் சொல்றேன். ஒண்ணு, அந்தம்மா ஆட்டத்தோட வீடியோவைப் பாருங்க. பிளஸ் எதிரிமேல ஒட்டவே இல்ல. கண்ட்ரோலர்னா கைத்தாங்கல் ஒட்டியே ஆகணும். ஒட்டலைன்னா அது கண்ட்ரோலர் இல்ல, மவுஸ். நீச்சல் போட்டியில படகு ஓட்டறாங்க. ரெண்டு, இதைப் பாருங்க.”

முதலாளி பறிமுதல் செய்து பிளாஸ்டிக் பையில் போட்டிருந்த கிரேன்காரம்மாவின் சொந்தக் கண்ட்ரோலரை அவர் தூக்கிக் காட்டினார். அதில் இரண்டு சின்னக் குமிழ்கள். இடது கட்டைவிரல் குமிழ் நடப்பதற்கு, வலது கட்டைவிரல் குமிழ் குறிபார்ப்பதற்கு. இது சோபா உலகத்தின் சட்டம். இடது குமிழின் ரப்பர் வழுக்கையாகத் தேய்ந்திருந்தது. வலது குமிழில் மேல் விளிம்பும் கீழ் விளிம்பும் மட்டும் தேய்ந்திருந்தன. இடப்பக்கமும் வலப்பக்கமும் ரப்பரின் சொரசொரப்பு நேற்று வாங்கியதுபோல அப்படியே இருந்தது.

“குறிபார்க்கிற குமிழ் ஒரு நாளும் பக்கவாட்டுல போனதே இல்ல” என்றார் டாக்டர். “எதிரிங்க எல்லாரும் ஏணியில ஏறி இறங்கிட்டா இருக்காங்க?”

துப்பறிவாளரின் உடம்பு சிலிர்த்தது. பதினாறு வருஷத்தில் முதல்முறையாக ஒரு தடயம் மீசை இல்லாமல், பால் இல்லாமல், தடயம் மாதிரியே கிடைத்திருந்தது. பூதக்கண்ணாடியை எடுத்துப் பார்த்தார். அது தேவையே இல்லை, ஆனால் கொண்டுவந்தாயிற்று.

“குற்றம் ஏறக்குறைய நிரூபணம் ஆகிவிட்டது” என்றார்.

இந்த இடத்தில் அவர் செய்த ஒரு காரியத்தையும் சொல்லித்தான் ஆகவேண்டும். களத்தை நேரில் உணரவேண்டும் என்று ஒரு மேசையில் உட்கார்ந்து மவுஸைப் பிடித்தார். மூன்று நிமிஷத்தில் மூன்று பேரைச் சுட்டார். தன் வாழ்நாளில் கொசுவைக்கூட மூன்றாவது அடியில்தான் வீழ்த்தியவர் அவர். எழுந்து நின்று தன் வலது மணிக்கட்டை ஒரு புது மரியாதையோடு பார்த்தார்.

“நான் வேற தொழிலுக்கு வந்துட்டேன் போலிருக்கு” என்றார் மெதுவாக.

“அது எங்க அக்கா ரொம்ப நாளா சொல்றதுதான்” என்றாள் மைத்துனி. அவள் பக்கத்துத் திரையில் கிரேன்காரம்மாவின் ஆட்ட வீடியோவை ஓடவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். “அத்தான், இங்க வாங்க. மத்தவங்க எல்லாம் சண்டைல நண்டு மாதிரி சைடுலயே ஓடுறாங்க பாத்தீங்களா, குண்டு படாம இருக்க? இந்தம்மா ஒரு தடவகூட சைடுல போகல. முன்னாடி போறாங்க, பின்னாடி வராங்க, நின்ன இடத்துல திரும்புறாங்க. அவ்வளவுதான்.”

“முழங்கால் வலியா இருக்கும்.”

“கேம்ல ஓடறது அந்தம்மா முழங்கால் இல்ல அத்தான்.”

அவர் அதைக் காதில் வாங்கவில்லை. கண்ட்ரோலர் பையைத் தூக்கிக்கொண்டு எதிர்ச்சாரிக்குக் கிளம்பிவிட்டார். குற்றவாளியின் வாயாலேயே வாங்குவது என்று முடிவு.

கட்டடத்து வாசலில் ஆளுக்கொரு ஹெல்மெட் கொடுத்தார்கள். துப்பறிவாளருக்குக் கிடைத்தது இரண்டு அளவு பெரியது. அவர் திரும்பினால் அது கொஞ்சம் தாமதித்துத் திரும்பியது. மேலே கிரேனின் நீளக் கை, ஒரு கட்டுக் கம்பியைத் தொங்கவிட்டுக்கொண்டு வானத்தில் அரைவட்டம் போட்டது. கம்பிக்கட்டு ஏழாவது மாடிக்கு மேல் வந்ததும் முன்னால் ஊசலாடப் பார்த்தது. கிரேன் கை ஒரு சாண் அதைத் தொடர்ந்துபோய் அதன் தலைக்கு நேரே நின்றது. ஆட்டம் அடங்கிவிட்டது. தூங்குகிற குழந்தையைத் தோளிலிருந்து பாயில் இறக்குவதுபோலக் கட்டு இறங்கியது.

பன்னிரண்டரைக்குச் சங்கு ஊதியது. கிரேன்காரம்மா ஏணியில் இறங்கிவரப் பத்து நிமிஷம் ஆயிற்று. நாற்பத்தைந்து வயதிருக்கும். வெயிலில் சுருங்கின கண். சிமெண்டுக் கற்களின்மேல் உட்கார்ந்து, சாப்பாட்டு டப்பாவைத் திறந்து, “சாப்டீங்களா?” என்று இரண்டு பேரையும் கேட்டார். குற்றவாளிகள் இப்படிக் கேட்பார்கள் என்று துப்பறிவாளர் படித்த எந்தப் புத்தகத்திலும் இல்லை. இருந்தாலும் தான் தயாரித்து வைத்திருந்த பொறியை வைத்தார்.

“உங்களுக்கு மவுஸ் பழக்கம் உண்டா?”

“எலியா சார்? கேபின்ல ஒரு தடவ வந்துது. அறுபது மீட்டர் எப்படித்தான் ஏறுச்சோ. ரெண்டு நாள் இருந்துட்டு அதுவாவே இறங்கிப் போயிடுச்சு.”

பொறியில் எலியே விழுந்துவிட்டது. மைத்துனி வாயைப் பொத்திக்கொண்டாள்.

துப்பறிவாளர் கண்ட்ரோலரை எடுத்து அவர் முன்னால் நீட்டினார். “வலது குமிழ் பக்கவாட்டில் தேயவில்லை. ஏன்? மறைக்காமல் சொல்லுங்கள்.”

கிரேன்காரம்மா குமிழைத் தடவிப் பார்த்தார். அவருக்கே ஆச்சரியமாக இருந்தது. “அட, ஆமா. ஏன்னு தெரியலையே சார்.”

அந்தப் பதிலைத் துப்பறிவாளர் வாக்குமூலம் என்று எழுதப்போனார். மைத்துனி அவர் பேனாவைப் பிடித்து நிறுத்திவிட்டு, கீழே கிடந்த இரண்டு தண்ணீர் பாட்டில்களை எடுத்துக் கிரேன்காரம்மாவின் முழங்கால் இரண்டு பக்கமும் நிறுத்தினாள்.

“அக்கா, இது மேல இருக்கிற லீவர்னு வெச்சுக்கங்க. இப்ப அந்தக் கம்பியை இறக்குனீங்களே, அதை மறுபடி செஞ்சு காட்டுங்களேன். யோசிக்காம செய்யுங்க.”

கிரேன்காரம்மா சாப்பாட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு பாட்டில்களைப் பிடித்தார். இடது கை இடம் வலமாகவும் முன்னும் பின்னுமாகவும் சுழன்றது. வலது கை முன்னும் பின்னும் மட்டும் போய்வந்தது. ஒரு நூல்கூடப் பக்கவாட்டில் சாயவில்லை.

“இடது கை என்ன பண்ணுது?”

“கிரேன் கையைத் திருப்பறது, கொக்கியை வெளிய தள்ளறது, உள்ள இழுக்கறது எல்லாம் இடதுதான். வலது கொக்கியை ஏத்தறது, இறக்கறது.”

“வலது கைய பக்கவாட்டுல தள்ளுனா?”

“அங்க ஒண்ணும் இல்ல” என்றார் கிரேன்காரம்மா. “தண்டவாளத்துல ஓடற கிரேனுக்கு அது வேலை செய்யும். நம்ம கிரேன் நட்ட இடத்துலயே நிக்கறது. பன்னெண்டு வருஷமா அந்தப் பக்கம் கை போனதே இல்ல.”

மைத்துனி கண்ட்ரோலரை எடுத்துத் துப்பறிவாளர் கையில் வைத்தாள்.

துப்பறிவாளர் அதன் இடது குமிழைப் பார்த்தார். வழுக்கை. வலது குமிழைப் பார்த்தார். மேலும் கீழும் மட்டும் தேய்மானம். அவர் ஹெல்மெட் மெதுவாக முன்னால் சரிந்து மூக்கில் வந்து நின்றது.

“நீங்க… இடது கையால குறிபார்க்கறீங்க” என்றார் ஹெல்மெட்டுக்கு உள்ளேயிருந்து. “வலது கையால நடக்கறீங்க.”

“ஆமா சார். முதல் நாள் அவங்க வெச்சிருந்தபடி ஆடிப் பாத்தேன், தலை சுத்துச்சு. செட்டிங்ஸ்ல மாத்திக்கிட்டேன். தப்பா?”

“அதான் நண்டு நடை இல்ல” என்றாள் மைத்துனி. “நடக்கிற கை பக்கவாட்டுல போகாதே!”

துப்பறிவாளர் ஹெல்மெட்டைத் தூக்கிவிட்டுக்கொண்டு, “நான் காலையிலிருந்தே இதைத்தான் சந்தேகப்பட்டேன்” என்றார். மைத்துனி அவர் மூச்சைக் கேட்டாள். இருபது வருஷ அனுபவம். ஆனால் விட்டுவிட்டாள். பாவம், அக்காள் புருஷன்.

“சரி, பிளஸ் ஏன் ஒட்டலை?” என்று அவர் அடுத்த கேள்வியைக் கேட்டார். இந்தமுறை குரலில் நீதிபதி இல்லை.

“அந்தக் கைத்தாங்கலா? அதை அணைச்சுட்டேன் சார். எனக்கு அது பயம். லோடு தானா ஒரு பக்கம் இழுத்தா, கயிறு பிசகுது, இல்ல காத்து தூக்குதுன்னு அர்த்தம். உடனே நிறுத்தணும். கேம்ல யாராவது குறுக்க போனா பிளஸ் தானா இழுக்குது, என் கை உடனே நின்னுபோகுது. அதுக்குள்ள சுட்டுடறான். செட்டிங்ஸ்ல தேடித் தேடிப் பாத்து அணைச்சேன்.” டப்பாவை மூடினார். “கீழ நாப்பது பேர் தலை இருக்கு சார். அதிகாரி கேக்கறதுல தப்பே இல்ல. நான் அவர் இடத்துல இருந்தாலும் கேப்பேன். ஆனா சாவியைக் குடுத்துட்டேன்னா திரும்ப வராது. மோசடின்னு ஒரு தடவ ஏட்டுல ஏறிட்டா எந்தக் கம்பெனிலயும் மேல ஏத்தமாட்டாங்க. ஸ்டோர்ல உக்காந்து ஆணி எண்ணச் சொல்லுவாங்க.”

சொல்லிவிட்டு ஏணியைப் பார்த்தார். ஒரு மணிச் சங்கு ஊதியது.

நாலரை மணிக்குக் கேம் சென்டரில் கூட்டம் கூடியது. இடது பக்கம் சோபாக் கட்சி, வலது பக்கம் மேசைக் கட்சி, நடுவில் துப்பறிவாளர். இப்படி எல்லோரையும் ஒரு கூடத்தில் உட்காரவைத்து, நடந்துகொண்டே பேசி, சட்டென்று திரும்பி விரலை நீட்டவேண்டும் என்பது அவருடைய வாழ்நாள் லட்சியம். நடந்துகொண்டே பேசினார். சட்டென்று திரும்பினார். காலடியில் ஒரு வயர் தடுக்கியது. ஒரு திரை அணைந்தது. விரலை நீட்டுவதற்குப் பதில் சோபாவைப் பிடித்துக்கொண்டார். ஆனால் விஷயத்தைச் சொல்லிவிட்டார். பாட்டில்கள், லீவர்கள், தேய்மானம், நண்டு நடை எல்லாம். வேலை முடிந்து வந்திருந்த கிரேன்காரம்மா, கண்ட்ரோலரை வாங்கி எல்லோர் முன்னாலும் இரண்டு நிமிஷம் ஆடிக் காட்டினார். மெத்தைகளை முதலாளியே தூக்கிக் காட்டினார். இரண்டாவது காலுறை கிடைத்தது. மவுஸ் இல்லை.

சோபாக் கட்சி கைதட்டியது. பல் டாக்டர் எழுந்திருக்கவில்லை. தன் மேசையில் உட்கார்ந்தபடியே நாற்காலியைக் கூட்டத்தின் பக்கம் திருப்பினார்.

“கைத்தாங்கலை அணைச்சுட்டு ஒருத்தரால ஜெயிக்கமுடியும்னு நான் நம்பணுமா?” என்றார். “இயந்திரத்தோட தயவு இல்லாம, சுத்தமான கையால, மணிக்கட்டோட பலத்தால மட்டும் ஆடறதுன்னா என்னன்னு எனக்குத் தெரியும். அது ஒரு தவம். அதை இந்த அறையில செஞ்சுட்டு இருக்கறது…” இரண்டு கைகளையும் மேலே தூக்கி விரித்தார். “இந்தக் கைகள்!”

கூடம் அந்தக் கைகளைப் பார்த்தது. மைத்துனி மட்டும் அவருக்குப் பின்னாலிருந்த திரையைப் பார்த்தாள். ஆட்டத்தை நிறுத்தாமலே அவர் திரும்பியிருந்தார். மவுஸ் மேசைமேல் தனியாகக் கிடந்தது. திரையில் ஒரு எதிரி இடமிருந்து வலமாகக் குறுக்கே ஓடினான். பிளஸ் குறி சோம்பலாக, ஆனால் நிச்சயமாக, அவன் பின்னால் ஒரு விரற்கடை தூரம் நகர்ந்தது.

“டாக்டர்” என்றாள் மைத்துனி. “உங்க கை இங்க மேல இருக்கு. அப்ப அங்க வேலை பாத்துட்டு இருக்கறது யாரு?”

எல்லோரும் திரும்பினார்கள். இரண்டாவது எதிரி ஓடினான். பிளஸ் அவனையும் வழியனுப்பிவைத்தது.

முதலாளி நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

“என்ன சார் இது?” என்று துப்பறிவாளர் அவர் பக்கம் திரும்பினார். இந்தமுறை வயர் தடுக்கவில்லை.

“நான் என்ன சார் பண்ணுவேன்?” என்றார் முதலாளி. “கைத்தாங்கல் சோபாவுக்கு மட்டும்தான்னு சொல்லிச் சொல்லி மேசைப் பக்கம் ஆளே குறைஞ்சுது. போன வருஷமே ஒரு நாள் மெயின் கம்ப்யூட்டர்ல எல்லாருக்கும் போட்டுவிட்டேன். மறுநாள்லேர்ந்து மேசை நிறைஞ்சு போச்சு. எல்லாரும் கை நல்லா பழகிடுச்சுன்னு சந்தோஷமா இருந்தாங்க. சொன்னா கோவிச்சுப்பாங்கன்னு சொல்லல.”

மைத்துனி முதலாளியின் கம்ப்யூட்டர் முன்னால் போய் நின்று, ரேஷன் கார்டு படிப்பதுபோல உரக்கப் படித்தாள். “சோபா ஒண்ணு, ஆன். சோபா ரெண்டு, ஆன். மேசை ஒண்ணு, ஆன். மேசை ரெண்டு, ஆன். மேசை அஞ்சு, டாக்டரோடது, ஆன். காலைல அத்தான் உக்காந்தது, ஆன்…”

துப்பறிவாளர் தன் வலது மணிக்கட்டைச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டார்.

“…சோபா நாலு, கிரேன்காரம்மாவோடது, ஆஃப். மொத்தக் கூடத்துலயும் ஆஃப் ஒண்ணே ஒண்ணுதான்.”

ஒரு வருஷமாக அடுத்தவன் ஊன்றுகோலைப் பற்றித் தீர்மானம் போட்டுக்கொண்டிருந்த எட்டு மேசைக்காரர்களும் தங்கள் மவுஸைப் பார்த்தார்கள். மாமியார் வீட்டில் ஒளிந்து தின்று மாட்டிக்கொண்ட மருமகன்களின் முகம் எட்டுப் பேருக்கும். பல் டாக்டரின் முகம் மட்டும் முதலில் சிவந்து, பிறகு வெளுத்து, பிறகு மெல்ல மெல்லப் பழைய கம்பீரத்துக்குத் திரும்பியது. அந்தத் தேர்ச்சியைப் பாராட்டித்தான் ஆகவேண்டும்.

“ஒரு நிமிஷம்” என்றார். “எல்லாருக்கும் இருந்தா அதுக்குப் பேர் உதவி இல்ல. அது சூழ்நிலை. காத்து மாதிரி. நாம காத்தை யாராவது மோசடின்னு சொல்றோமா?”

“அப்ப சோபாவுக்கு மட்டும் இருந்தப்ப?” என்றார் ஒரு சோபாக்காரர்.

“அது அநியாயம்.”

முதலாளி கம்மிய குரலில் கேட்டார். “அப்ப எல்லாருக்கும் அணைச்சுடட்டுமா?”

ஒரு வருஷத்தில் முதல்முறையாகச் சோபாக் கட்சியும் மேசைக் கட்சியும் ஒரே குரலில் பேசின.

“வேண்டாம்!”

அப்போது கதவு திறந்தது. பாதுகாப்பு அதிகாரி உள்ளே வந்தார். கையில் ஏடு. சுவர்க் கடிகாரத்தில் ஐந்துக்கு மூன்று நிமிஷம். கிரேன்காரம்மா எழுந்து, இடுப்பிலிருந்த சாவியை எடுத்து மேசைமேல் வைத்தார். கேட்பதற்கு முன்னாலேயே வைத்துவிட்டார். சாவியைவிட்டு விரலை எடுக்கக் கொஞ்சம் நேரமாயிற்று.

துப்பறிவாளர் தொண்டையைச் செருமினார். “ஐயா, ஆதிமனிதன் முதன்முதலாகக் கல்லை எடுத்து…”

“மோசடி உண்டா, இல்லையா?”

“இல்லை. ஆனால் அதற்கான காரணம் மிகவும் சுவாரசியமானது…”

“கைத்தாங்கல்னு ஏதோ சொல்றாங்களே. மெஷின் தானா இழுக்கறது. அதை வெச்சு ஆடினீங்களா?” என்று அதிகாரி கிரேன்காரம்மாவைப் பார்த்தே கேட்டார்.

“இல்ல சார், அணைச்சுட்டேன்.”

“ஏன்?”

“தானா இழுக்கற எதையும் நான் ஓட்டமாட்டேன் சார்.”

அதிகாரி ஏட்டைத் திறந்து ஒரு வரியை அடித்தார். சாவியை ஒரு விரலால் அவர் பக்கம் தள்ளினார்.

“காலைல ஏழு மணி. எட்டாவது மாடிக்குக் கம்பி வருது” என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார். ஆதிமனிதனின் கல் அந்தரத்திலேயே நின்றது.

கிரேன்காரம்மா சாவியை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டார். மைத்துனியின் தோளை ஒருதரம் அழுத்தினார். துப்பறிவாளர் கதவிலிருந்த நோட்டீஸைத் தன் கையாலேயே கிழித்தார். பாதிதான் வந்தது. மீதியில் ‘வாழ்நாள்’ என்ற வார்த்தை மட்டும் ஒட்டிக்கொண்டு நின்றது. முதலாளி நகத்தால் சுரண்டினார்.

மறுநாள் சனிக்கிழமை. எட்டாவது மாடிக் கம்பியை இறக்கி முடித்துவிட்டு, மாலை நாலு மணிக்கு இறுதிப் போட்டிக்குக் கிரேன்காரம்மா வந்தார். முதலாளி அவர் காதருகே குனிந்து, “உங்களுக்கும் கைத்தாங்கல் போட்டுவிடவாம்மா?” என்று கேட்டார். வேண்டாம் என்றார் அவர். துப்பறிவாளர் முதல் வரிசையில் உட்கார்ந்து, நேர்மையின் வெற்றியைப் பற்றித் தான் பேசப்போகும் உரையை மனத்துக்குள் திருத்திக்கொண்டிருந்தார். இரண்டு கட்சிகளும் மூச்சுவிடாமல் பார்த்தன. ஆட்டம் ஆரம்பித்தது.

பல் டாக்டர் நாற்பது வினாடியில் ஜெயித்துவிட்டார்.